வடிகட்டிய பாட்டில்

என் வீட்டுக்காரருக்குத் தங்கை என்றால் உயிர். அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் அந்தப் பாசத்தைக் கொண்டுபோய் தன் கௌரவத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். எங்கள் பட்டறை போனது அந்த முடிச்சில் மாட்டித்தான்.

எங்களுடையது நிக்கல் பூச்சுப் பட்டறை. இரும்புச் சாமானைக் கொண்டுவந்து கொடுத்தால் பாலீஷ் போட்டு, கழுவி, கம்பியில் கட்டி, பச்சைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, கரண்ட் விட்டு, முகம் பார்க்கிற மாதிரி எடுத்துத் தருவோம். கம்பி கட்டுவது என் வேலை. விரல் நுனியெல்லாம் எப்போதும் கறுத்திருக்கும். விசேஷ வீட்டில் யாராவது கையைப் பிடித்துப் பேச வந்தால் முஷ்டியை மடக்கிக்கொள்வேன். கோபக்காரி என்று பெயர் வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். பாலீஷ் மிஷின் வேலைக்கு இருந்த ஒரு பெரியவரின் பொறுப்பு. தொட்டி முழுக்க முழுக்க இவருடைய ராஜ்யம். அதில் இருப்பது பாதி ரசாயனம் என்றாலும் தொழிலில் எல்லோருக்கும் அது தண்ணிதான்.

நாத்தனார் தேசிய மின்வேதியியல் ஆய்வகத்தில் விஞ்ஞானி. வீட்டில் அவள் பெயர் குட்டி. தலையில் நரை ஏறிய பிறகும் குட்டிதான். பேட்டரி, துரு, பூச்சு என்று கரண்டும் ரசாயனமும் கைகோர்க்கிற எந்த விஷயத்துக்கும் அந்த ஆய்வகத்தில் ஆள் உண்டு. பெரிய கம்பெனிக்காரர்கள் காரில் வருவார்கள். எங்களை மாதிரிச் சின்னப் பட்டறைக்காரர்கள் தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போவார்கள். தொழில் உதவிப் பிரிவு என்று ஒரு கவுண்டர். பாட்டிலைக் கொடுத்தால் கழுத்தில் ஒரு நம்பரைக் கட்டி உள்ளே அனுப்புவார்கள். என்ன கூட, என்ன குறைச்சல், என்ன செய்ய வேண்டும் என்று பதில் வரும். எங்கள் தெருவில் பாட்டிலோடு போகாத பட்டறை எங்களுடையது ஒன்றுதான்.

கேட்டால், "தங்கச்சி லேப்ல உக்காந்திருக்கா. அண்ணன் தொட்டியிலேயே கோளாறுன்னா ஊரு சிரிக்காதா?" என்பார்.

அப்போதுதான் ஆஸ்பத்திரிக் கட்டில் செய்கிற கம்பெனியின் ஆர்டர் வந்தது. கட்டிலின் இரண்டு பக்கமும் நோயாளி உருண்டு விழாமல் இருக்கத் தடுப்புக் கம்பி இருக்குமே, அதற்குப் பூச்சு. வருஷம் முழுக்க வேலை. இவர் தலைகால் புரியாமல் ஆடினார். சில்லறை வேலைகளையெல்லாம் கைகழுவினார். பக்கத்து ஷெட்டையும் சேர்த்து வாடகைக்கு எடுத்தார். தொட்டித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கக் காற்று வேண்டும். பழைய ஊதுகுழாய் மிஷின் போதாதென்று எங்கிருந்தோ ஒரு கம்ப்ரசரைப் பிடித்துக்கொண்டு வந்தார். அது போட்ட சத்தத்தில் நானும் அவரும் சைகையிலேயே சண்டை போட்டோம்.

கொஞ்ச காலம் நன்றாகப் போனது. பிறகு பூச்சு உரிய ஆரம்பித்தது.

எங்கள் தொழிலில் ஒரு சோதனை உண்டு. பூசிய கம்பித் துண்டு ஒன்றை எடுத்து மடக்க வேண்டும். கம்பி வளையும்போது பூச்சும் கூடவே வளைந்தால் நல்ல வேலை. அவர் மடக்கினார். வெங்காயத் தோல் மாதிரி நிக்கல் சுருண்டு எழுந்து நின்றது. இன்னொன்றை மடக்கினார். அதுவும் அப்படியே. கட்டில் கம்பெனியின் பர்ச்சேஸ்காரர் நேரில் வந்து பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி சாமான்மா இது. நோயாளி கையக் கிழிச்சா யாரு பதில் சொல்றது? சீக்கிரம் சரி பண்ணுங்க, இல்லன்னா நான் வேற ஆளப் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்லபடியாகத்தான் சொன்னார். அந்த ஆர்டர் போனால் இரண்டு ஷெட்டையும் வைத்துக்கொண்டு நாங்கள் பட்டறையை மூட வேண்டியதுதான். அது எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும், பாலீஷ் பெரியவருக்கும் தெரியும்.

நான் ஒற்றைக்காலில் நின்றேன். "குட்டிகிட்ட போங்க. இதுக்கு மேல என்ன கௌரவம்?" கடைசியில் இறங்கி வந்தார். ஆனால் இறங்கி வந்த விதம் இருக்கிறதே!

அடுத்த நாள் காலையில் பட்டறைக்குள் நுழைந்தால், ஐயா அடுப்பு மூட்டி உட்கார்ந்திருக்கிறார். தொட்டியிலிருந்து ஒரு பாத்திரம் தண்ணீர் எடுத்துச் சூடு பண்ணி, அதில் கரித்தூளைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருக்கிறார். தெளியவிட்டு, துணியில் ஒரு தரம், வடிகட்டித் தாளில் ஒரு தரம் வடித்தார். வடித்ததைப் புதுப் பாட்டிலில் ஊற்றி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பச்சைக் கல் மாதிரி இருந்தது.

"லேப்புக்கு அனுப்புறீங்களா, பொண்ணு பார்க்க அனுப்புறீங்களா? இன்னும் பவுடர் மட்டும்தான் போடல" என்றேன்.

"நீ சும்மா இரு. அவ உக்கார்ற இடத்துல நாலு பேர் இருப்பாங்க. 'இதுவா உங்க அண்ணன் தொட்டித் தண்ணி'ன்னு எவனாவது மூக்கச் சுளிச்சா அவளுக்கு எப்படி இருக்கும்?"

"கோளாறுன்னு சொல்லத்தானே போறோம்?"

"கோளாறு வேற, அழுக்கு வேற" என்றார்.

தூசி தும்பை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது தன் அசல் தண்ணீர் என்று நினைத்தார் மனிதர். தொட்டி முழுவதையும் அப்படிக் கரி போட்டு வடிப்பது வருஷத்துக்கு ஒரு தரம் எல்லாப் பட்டறையிலும் செய்கிற வேலை. அந்த வருஷத்துக்கு அது முடிந்துவிட்டது, கம்ப்ரசர் வருவதற்கு முன்பே. அதனால் தொட்டியைப் பற்றி அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

ஆய்வகத்துக்கு நானும் கூடப் போனேன். கவுண்டரில் எங்களுக்கு முன்னால் வந்த பாட்டில்கள் வரிசையாக இருந்தன. ஒன்று ஜூஸ் பாட்டில், அடியில் சேறு. ஒன்று எண்ணெய் டப்பா, வாயில் கந்தைத் துணி அடைத்தது. நடுவில் எங்களுடையது ராஜகுமாரன் மாதிரி. கவுண்டரில் இருந்தவர் அதைத் தூக்கிப் பார்த்து, "தொட்டித் தண்ணிதானே சார்? ரொம்பத் தெளிவா இருக்கே!" என்றார்.

"எங்க தொட்டித் தண்ணிதான்" என்றார் இவர். தான் பொய் சொல்வதாக அவர் நினைக்கவே இல்லை. மார்பு ஒரு அங்குலம் விரிந்தது எனக்குத் தெரிந்தது.

குட்டி வெள்ளைக் கோட்டோடு வெளியே வந்தாள். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. ஆனாலும், "அண்ணா, தப்பா எடுத்துக்காத. எல்லாரையும் மாதிரி நம்பர் போட்டுத்தான் உள்ள வரும். நம்ம வீட்டு ஆளுன்னு முன்னால எடுத்தா நல்லாருக்காது" என்றாள்.

"நீ அப்படிச் செய்யலன்னாத்தான் நான் கோவிச்சுக்குவேன்" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது இரண்டு தரம் என்னிடம் அதையே சொன்னார், எவ்வளவு நேர்மை பாரு என்று.

பதில் வந்தது, குட்டியின் கையெழுத்தோடு. தண்ணீர் சுத்தமாக இருக்கிறது. உப்பெல்லாம் சரியான அளவு. பிரைட்னர் மட்டும் மிகவும் குறைவு. பிரைட்னர் என்பது பூச்சுக்குப் பளபளப்புத் தருகிற மருந்து. அதைச் சேர்க்கும்படியும், கழுவுகிற இடத்தையும் பாலீஷையும் கவனிக்கும்படியும் எழுதியிருந்தார்கள். இவர் அதைப் பெரியவருக்கு உரக்கப் படித்துக் காட்டினார்.

அன்றே மருந்து ஊற்றினார். குட்டி சொன்ன அளவுக்கு மேல் ஒரு கை கூடவே ஊற்றினார், தங்கை சொன்னது குறைந்துவிடக் கூடாதாம். முதல் நாள் சாமான் கண்ணைப் பறித்தது. மடக்கிப் பார்த்தால் முன்னைவிட மோசமாக உரிந்தது. கழுவுகிற தொட்டியை மாற்றினார். அமிலத்தை மாற்றினார். பிறகு பாலீஷ் பெரியவர் பக்கம் திரும்பினார். "தண்ணி சுத்தம்னு லேப்பே சொல்லிருச்சு. அப்ப உங்க வேலையிலதான் இருக்கு" என்றார். பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து வேறு பட்டறைக்குப் போய்விட்டார். தெருவில் என்னைப் பார்த்தால் நின்று விசாரிப்பார். இவரைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போவார்.

"இன்னொரு பாட்டில் கொண்டு போங்களேன்" என்று கெஞ்சினேன்.

"அவ சொன்னது தப்புன்னு அவகிட்டயே போய் நிக்கச் சொல்றியா? அங்க அவ பேரு என்ன ஆகும்?" என்றார். குட்டி போன் பண்ணி, "இப்ப எப்படிண்ணா இருக்கு?" என்று கேட்டதற்கு, "எல்லாம் சரியாயிடுச்சும்மா, நீ கவலப்படாத" என்று என் கண்ணெதிரிலேயே சொன்னார். போனைப் பிடுங்கியிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்தேன், கை வரவில்லை.

ஒருநாள் வேன் வந்தது. அனுப்பிய தடுப்புக் கம்பிகளையெல்லாம் திரும்ப இறக்கிப் போட்டுவிட்டுப் போனது. பர்ச்சேஸ்காரர் கூடவே வந்து, டீ கொடுத்தபோது வாங்கிக் குடித்துவிட்டு, வேலையை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பட்டறையை மூடுவதென்று முடிவானது. ஷெட்டுக்காரரிடம் சொல்லியாகிவிட்டது, வேறு ஆளும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். தொட்டியையும் தண்ணீரையும் வாங்க ஒருவர் வந்தார். நிக்கல் தண்ணீரை யாரும் சாக்கடையில் கொட்ட மாட்டார்கள், நல்ல விலைபோகும். வந்தவரும் பூச்சுப் பட்டறைக்காரர்தான். வேலை கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் தெருவில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். கட்டில் கம்பெனி ஆர்டர் இப்போது அவரிடம்தான் போயிருக்கிறது. அதற்குப் பெரிய தொட்டி வேண்டுமே! நல்ல மனுஷர், சங்கடத்தோடுதான் கேட்டார். ஒரே ஒரு நிபந்தனை: தண்ணீர் எப்படி இருக்கிறது என்று ஆய்வகம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இனி எதை மறைப்பது? குட்டிக்குப் போன் பண்ணினார். அவள் பதறியடித்துக்கொண்டு, லீவு போட்டுவிட்டு மறுநாள் காலையே வந்து நின்றாள். "சரியாயிடுச்சுன்னு சொன்னியே அண்ணா" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள்.

ஆய்வகத்தில் அவர்கள் சோதனை செய்கிற சின்னப் பெட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். ஒரு பக்கச் சுவர் சாய்ந்த, கையடக்கமான தொட்டி. தானே குனிந்து எங்கள் தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு அதில் ஊற்றினாள். ஒரு பித்தளைத் தகட்டை வைத்து, கரண்ட் விட்டு, காத்திருந்து எடுத்தாள். தகட்டின் ஒரு பாதி கறுத்துப் பொரிந்திருந்தது. நகத்தால் தொட்டாள். பொலபொலவென்று உதிர்ந்தது.

தகட்டைத் திருப்பிப் பார்த்தாள். "அன்னைக்கு நீ குடுத்தது இந்தத் தண்ணி இல்லையே அண்ணா."

"இதேதான் குட்டி. கொஞ்சம் சுத்தம் பண்ணிக் கொண்டாந்தேன், அவ்வளவுதான்."

"எப்படிச் சுத்தம் பண்ணின?"

"சூடு பண்ணி, கரி போட்டு, வடிச்சு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். தொழில் தெரிந்தவர் அல்லவா! அவள் விளக்க வேண்டியிருக்கவில்லை. எனக்காகத்தான் விளக்கினாள். கம்ப்ரசரின் காற்றுக் குழாயை வெளியே இழுத்து, அதன் வாய்க்கு நேராக ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தாள். பொட்டுப் பொட்டாக எண்ணெய் விழுந்தது. மிஷினுக்குள் இருக்கிற எண்ணெய் காற்றோடு சேர்ந்து தொட்டிக்குள் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. கரித்தூள் அந்த எண்ணெயை உறிஞ்சிவிடும். கூடவே தண்ணீரில் இருக்கிற பிரைட்னரையும் உறிஞ்சிவிடும். ஆகவே பாட்டிலில் எண்ணெயும் இல்லை, பிரைட்னரும் இல்லை. தொட்டியிலோ எண்ணெயும் இருந்தது, பிரைட்னரும் தேவைக்கு இருந்தது. பாட்டிலைப் பார்த்து ஆய்வகம் சொன்னது சரி. அதைக் கேட்டுத் தொட்டியில் மேலும் மேலும் ஊற்றினார் இவர். அந்த மருந்து அளவு மீறினாலும் பூச்சு உரியும்.

"அப்ப இதுக்கு என்னதான் மருந்து?" என்று கேட்டேன். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

குட்டி என்னைப் பார்த்தாள். "பாட்டிலுக்குப் பண்ணினாரே அண்ணி, அதான். அதத் தொட்டிக்குப் பண்ணியிருந்தா போதும்."

அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கலக்கிக்கொண்டிருந்தாரே, அந்தக் காலை கண்ணுக்குள் வந்து நின்றது. கையில் மருந்தை வைத்துக்கொண்டு, அதைக் கொண்டுபோய் நோயை மறைக்கப் பூசிய மனிதரை என்னவென்று சொல்வது? வாய்விட்டுத் திட்ட வேண்டும் போல இருந்தது. அவர் சுவரோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து கறுத்த தகட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் திட்ட மனம் வரவில்லை.

"ஏன்ணா அப்படிப் பண்ணின?" என்றாள் குட்டி.

"உனக்கு அசிங்கமா இருக்கக் கூடாதுன்னு."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "எல்லாரும் அழுக்கோடதான் அண்ணா கொண்டு வர்றாங்க. அழுக்கப் பார்க்கத்தானே எங்களுக்குச் சம்பளமே குடுக்கறாங்க. வர்றவங்க எல்லார்கிட்டயும் கேப்பேன், வடிகட்டினீங்களா, என்ன சேர்த்தீங்கன்னு. உங்கிட்ட கேக்கல. எங்க அண்ணனுக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன். ஒரு பஸ் ஏறி வந்து எட்டிப் பார்த்திருந்தாலும் போதும். நம்ம ஆளுக்கு மட்டும் போய்ப் பார்த்தேன்னு யாராவது பேசுவாங்கன்னு வரல."

அவளுக்கு இவர் மேல் மரியாதை, இவருக்கு அவள் மேல் மரியாதை. இரண்டு பேருக்கும் கொஞ்சம் மரியாதை குறைவாக இருந்திருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். வயிற்றெரிச்சலில்தான் சொல்கிறேன்.

அன்று மத்தியானமே யாருக்கும் சொல்லாமல் பர்ச்சேஸ்காரருக்குப் போன் பண்ணிப் பார்த்தேன். "கண்டுபிடிச்சிட்டோம் சார், இனிமே உரியாது" என்றேன். "சந்தோஷம்மா. ஆனா அங்க கையெழுத்தாயிடுச்சே" என்றார். இனி யாரிடம் முட்டிக்கொள்வது?

கண்ணாடிக்காரர் தண்ணீரை இருக்கிறபடியே எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். விலையைக் கொஞ்சம் குறைத்தால் கரி போடுகிற வேலையை அவரே பார்த்துக்கொள்வாராம். இவர் ஒப்புக்கொள்ளவில்லை. "அழுக்கா ஒருத்தர் கையில குடுக்க மாட்டேன்" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். பட்ட பிறகும் மனிதர் மாறவில்லை.

பீப்பாய்களை வரவழைத்தார். கம்ப்ரசரை நிறுத்தினார். ஷெட்டில் அப்படி ஒரு அமைதி இருக்க முடியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. தொட்டியைச் சூடு பண்ணி, மூட்டை மூட்டையாகக் கரியைக் கொட்டி, துடுப்பால் அவரே கலக்கினார். தெளியவிட்டு மறுநாள் வடித்தோம். துணியைப் பிடித்தது நான். குட்டி கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூட நின்று ஊற்றினாள். பழைய ஊதுகுழாய் மிஷினைத் தூசி தட்டி மாட்டினார். பிரைட்னரை அளந்து, அளந்தபடியே, ஒரு துளிகூடக் கூட்டாமல் விட்டார்.

கண்ணாடிக்காரர் எதிரே கடைசியாக ஒரு சாமான் பூசினோம். திரும்பி வந்த தடுப்புக் கம்பிகளில் ஒரு சின்னத் துண்டு. பழைய பூச்சைச் சுரண்டி எடுக்க ஆள் வேண்டுமே என்று நினைத்தேன். தெருவில் சொல்லி அனுப்பியதும் பாலீஷ் பெரியவர் வந்துவிட்டார். இவர் எழுந்து நின்று, "மன்னிச்சிருங்க" என்றார். "துண்டக் குடுங்க முதல்ல" என்று பெரியவர் வாங்கிக்கொண்டு மிஷின் பக்கம் போனார். நான் கம்பி கட்டினேன். தொட்டிக்குள் இறக்கினோம். குட்டி தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

எடுத்ததும் இவர் அதைக் கழுவித் துடைத்து, மடக்கினார். பூச்சு உரியவில்லை. மறுபக்கம் மடக்கினார். உரியவில்லை. திரும்பத் திரும்ப, பல்லைக் கடித்துக்கொண்டு, அது உரிந்தே ஆகவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர் மாதிரி மடக்கினார். போதும் என்று பெரியவர் சொன்னதுகூட அவர் காதில் விழவில்லை. கடைசியில் கம்பியே இரண்டாக ஒடிந்தது. ஒடிந்த விளிம்பு வரைக்கும் நிக்கல் ஒட்டிக்கொண்டு பளபளத்தது.

கண்ணாடிக்காரர் ஒரு துண்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. பாவம், பாட்டில் கதை அவருக்குத் தெரியாது.

"பிரமாதம்! இவ்வளவு நல்ல தண்ணிய வச்சிக்கிட்டு ஏங்க தொழில விடறீங்க?"

குட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இவர் மிச்சத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"தண்ணிய எடுத்துக்கிட்டுப் போங்க, நல்லபடியா வச்சிக்குங்க. அந்தக் கம்ப்ரசர மட்டும் வாங்கிடாதீங்க" என்றார். "அப்புறம், என்னைக்காவது உரிஞ்சா லேப்புக்குப் போங்க. என் தங்கச்சி இருக்கா. போகும்போது அழுக்கோடவே போங்க."